டிரெஸ்டன் பொறி: ஏழாவது நகர்வின் கணக்கு

1892இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் ஓர் ஆட்டம் பதினெட்டே நகர்வுகளில் முடிந்துபோனது. வெள்ளைக் காய்களை ஆடியவர் சீக்பெர்ட் டாராஷ். கறுப்பை ஆடியவர் கியோர்க் மார்கோ. மார்கோவைத் தோற்கடித்தது அவருடைய ஏழாவது நகர்வு. அது கேஸ்லிங். ராஜாவை மூலையில் பத்திரப்படுத்தி, யானையை நடுவுக்குக் கொண்டுவரும் அந்த நகர்வைச் சீக்கிரமே செய்துவிடு என்றுதான் எல்லாப் பயிற்சியாளர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் செய்ததற்காக ஒரு மாஸ்டர் தோற்றார். இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தில் கேஸ்லிங் செய்தால் என்ன ஆகும் என்பதை டாராஷ் 1891இலேயே அலசி அச்சில் வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, அதே டாராஷுக்கு எதிரே அமர்ந்து மார்கோ அதே வழியில் போனார்.

சதுரங்க நூல்களில் இது டாராஷ் பொறி என்றும் டிரெஸ்டன் பொறி என்றும் பெயர் பெற்றிருக்கிறது. பொறி என்றதும் நமக்குத் தோன்றுவது தூண்டில்: எதிராளிக்கு ஒரு காயை ஆசைகாட்டி, அவர் எடுத்ததும் கவ்வுவது. இந்தப் பொறியில் அப்படி எதுவும் கிடையாது. டாராஷ் எதையும் பலி கொடுக்கவில்லை, எந்த மோசமான நகர்வையும் துணிந்து ஆடிப் பார்க்கவில்லை. தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினார், அவ்வளவுதான். அந்த ஒரு கட்டம் பலகையில் ஒரு கணக்கை மாற்றியது. மாறிய கணக்கை எதிராளி திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. பொறிகளில் நெடுங்காலம் நிலைத்திருப்பவை இந்த வகைதான் என்பது என் எண்ணம். இதைப் பலகையில் வைத்தே பார்க்கலாம்.

ஆடுகளத்துக்கு முன் ஆட்டக்காரர்கள். டாராஷ் 1862இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். நியூரம்பெர்கில் மருத்துவராகத் தொழில் செய்தவர். 1889இல் பிரெஸ்லாவ், 1890இல் மான்செஸ்டர், 1892இல் டிரெஸ்டன் என்று அடுத்தடுத்துப் பெரிய போட்டிகளை வென்றார். மான்செஸ்டரில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸோடு மோத ஹவானாவிலிருந்து அழைப்பு வந்தபோது மருத்துவத் தொழிலை விட்டுவர முடியாது என்று மறுத்துவிட்டார். ஆட்டத்தைப் பற்றி எழுதுவதிலும் கற்பிப்பதிலும் அவருக்கு நிகரானவர்கள் அன்று குறைவு. எதையும் விதியாக வகுத்துச் சொல்லும் இயல்பு அவருக்கு. அதனால் ஜெர்மனியின் ஆசான் என்றே அவரை அழைத்தார்கள்.

மார்கோவும் லேசுப்பட்டவர் அல்லர். 1863இல் புக்கோவினாவின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்தவர். பிற்காலத்தில் வியன்னாவின் சதுரங்க இதழைப் பல ஆண்டுகள் நடத்தினார். ஆட்டங்களுக்கு அவர் எழுதிய விளக்கவுரைகளின் நுணுக்கத்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள். 1907ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாட் போட்டியின் நூலைச் சக ஆட்டக்காரர் ஷ்லெக்டரோடு சேர்ந்து உருவாக்கியவரும் அவர்தான். அலசிப் பார்க்கத் தெரியாத ஒருவர் விழுந்த பொறி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இனிப் பலகை. கட்டங்களின் பெயருக்கு ஒரு குறிப்பு: வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடக்கோடி நெட்டு வரிசை ஏ, வலக்கோடி ஹெச். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள்.

ஆட்டம் ரூய் லோபஸ் முறையில் தொடங்கியது. 1561இல் சதுரங்கம் பற்றி நூல் எழுதிய ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரின் பெயரைத் தாங்கிய தொடக்கம் இது. வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து அந்த இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி6க்கு வந்து அதைக் காக்கிறது. மூன்றாவது நகர்வில் வெள்ளை பிஷப் பி5க்குப் போய் அந்தக் காவல் குதிரையை மிரட்டுகிறது. ரூய் லோபஸின் உயிர் இந்த மிரட்டலில்தான் இருக்கிறது. இ5 சிப்பாயை நேராகத் தாக்காமல், அதைக் காப்பவனைத் தாக்குவது.

மார்கோ மூன்றாவது நகர்வில் டி6க்குச் சிப்பாயை நகர்த்தி இ5க்கு இன்னொரு காவல் போட்டார். 1886 முதல் 1894 வரை உலகச் சாம்பியனாக இருந்த ஸ்டைனிட்ஸ் உயர்த்திப் பிடித்த தற்காப்பு இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. மையத்தில் உள்ள ஒரு சிப்பாயை எப்பாடு பட்டாவது நிலைநிறுத்து, நெருக்கடியைப் பொறுத்துக்கொள், காலம் உனக்குச் சாதகமாகத் திரும்பும் என்பது ஸ்டைனிட்ஸின் கொள்கை. டாராஷுக்கு அது பிடிக்காது. நெருக்கடியான நிலை தோல்வியின் விதையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பது அவருடைய கட்சி. ஆக டிரெஸ்டனில் மோதியவை இரண்டு கொள்கைகளும்தான்.

அடுத்து வந்த நகர்வுகள்: வெள்ளைச் சிப்பாய் டி4, கறுப்பு பிஷப் டி7. வெள்ளைக் குதிரை சி3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை கேஸ்லிங் செய்கிறது, கறுப்பின் இன்னொரு பிஷப் இ7க்கு வருகிறது. ஏழாவது நகர்வாக டாராஷ் தன் யானையை எஃப்1இலிருந்து இ1க்கு ஒரு கட்டம் நகர்த்தினார்.

இந்த இடத்தில் நின்று கணக்குப் போட வேண்டும். யானை நகர்வதற்கு முன் வெள்ளை அவசரப்பட்டு பிஷப்பால் சி6 குதிரையை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கறுப்பு டி7 பிஷப்பால் திரும்ப எடுக்கும். வெள்ளை இ5இல் சிப்பாய்களை மாற்றி, ராணிகளையும் மாற்றி, குதிரையால் இ5 சிப்பாயைத் தின்னலாம். ஆனால் சி6இல் வந்து நிற்கும் கறுப்பு பிஷப்பும் எஃப்6 குதிரையும் சேர்ந்து வெள்ளையின் இ4 சிப்பாயைக் குறிவைத்திருக்கின்றன. தாக்குபவை இரண்டு, காப்பது சி3 குதிரை ஒன்றே. ஆகவே கறுப்பு இ4ஐ எடுத்து, இழந்த சிப்பாயை மீட்டுவிடும். கறுப்பின் இ5 சிப்பாய் அதுவரை பிழைத்திருந்ததற்குக் காரணம் இந்த மறைமுகப் பதிலடிதான்.

யானை இ1க்கு வந்ததும் இ4க்குக் காவல் இரண்டாகிவிட்டது. தாக்குபவை இரண்டு, காப்பவை இரண்டு. பதிலடி செல்லாது. ஆகவே இ5 சிப்பாய் அந்த நொடியிலிருந்து உண்மையான ஆபத்தில் இருக்கிறது. பலகையில் எந்தக் காயும் எந்தக் காயையும் புதிதாக நேரே தாக்கவில்லை. செக் இல்லை, மிரட்டல் போலத் தோன்றும் எதுவும் இல்லை. நடுவில் ஒரு யானை வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. எதிராளி என்ன நினைப்பார்? இவர் தன் யானையை வளர்த்தெடுத்தார், நானும் கேஸ்லிங் செய்து என் யானையை வெளியே கொண்டுவருகிறேன் என்று நினைப்பார். மார்கோ கேஸ்லிங் செய்தார்.

எட்டாவது நகர்வில் டாராஷ் பிஷப்பால் சி6 குதிரையை எடுத்தார். மார்கோ பிஷப்பால் திரும்ப எடுத்தார். ஒன்பதாவது நகர்வில் இ5இல் சிப்பாய் மாற்றம். பத்தாவதில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போயின. மார்கோ ஏ8இல் இருந்த யானையால் டி8இல் திரும்ப எடுத்தார். பதினொன்றாவதில் வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை எடுத்தது.

இதோடு ஒரு சிப்பாய் நஷ்டம் என்று கறுப்பு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிலைமை கஷ்டம்தான், ஆனால் ஆட்டம் நீண்டிருக்கும். மார்கோ சிப்பாயை மீட்கப் போனார். பிஷப்பால் இ4ஐ எடுத்தார். வெள்ளைக் குதிரை அந்த பிஷப்பை எடுத்தது. கறுப்புக் குதிரை அந்தக் குதிரையை எடுத்தது.

இப்போது வெள்ளை யானை இ4இல் நிற்கும் குதிரையை எடுத்துவிட முடியாதா என்று தோன்றும். யானைக்கும் அதற்கும் நடுவே தடையே இல்லை. ஆனால் எடுத்தால் கறுப்பு யானை டி8இலிருந்து டி1க்கு இறங்கி செக் கொடுக்கும். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் அதன் சொந்தச் சிப்பாய்கள் மூன்றும் சுவராக நிற்கின்றன, தப்ப இடமில்லை. இ4 யானை இ1க்குத் திரும்பி நடுவே புகுந்தாலும் அதையும் எடுத்து செக்மேட். கறுப்பு இந்தத் துணையை நம்பித்தான் சிப்பாயை மீட்கிறது.

டாராஷ் அந்த வழியில் போகவில்லை. பதின்மூன்றாவது நகர்வில் இ5இல் இருந்த குதிரையை டி3க்குப் பின்வாங்கினார். பின்வாங்கும் நகர்வு என்பதாலேயே கண்ணுக்குத் தட்டுப்படாத நகர்வு இது. டி3இல் நின்று குதிரை டி-வரிசையை அடைத்துவிடுகிறது. யானை இறங்கி செக் கொடுக்கும் வழி மூடிவிட்டது. அதே சமயம் இ-வரிசையைத் திறந்துவிட்டதால் இ1 யானை இ4 குதிரையை இப்போது நிஜமாகவே மிரட்டுகிறது. குதிரை விலகினால் அதன் பின்னால் இ7இல் இருக்கும் பிஷப் போகும். மார்கோ எஃப்5க்குச் சிப்பாயைத் தள்ளிக் குதிரைக்குக் காவல் கொடுத்தார். டாராஷ் எஃப்3க்குத் தன் சிப்பாயைத் தள்ளி மீண்டும் குதிரையைக் கேட்டார்.

மார்கோ இதற்கும் ஒரு விடை வைத்திருந்தார். பிஷப் சி5க்குப் போய் செக். வெள்ளையின் எஃப் சிப்பாய் நகர்ந்துவிட்டதால் ராஜாவை நோக்கிய மூலைவிட்டம் திறந்திருக்கிறது. டாராஷ் குதிரையால் அந்த பிஷப்பை எடுத்தார். மார்கோ இ4 குதிரையால் அதைத் திரும்ப எடுத்தார். பதினைந்து நகர்வு முடிந்தது. எண்ணிப் பாருங்கள்: வெள்ளையிடம் இரண்டு யானை, ஒரு பிஷப், ஆறு சிப்பாய். கறுப்பிடம் இரண்டு யானை, ஒரு குதிரை, ஆறு சிப்பாய். சரிசமம்.

மார்கோ எங்கே ஏமாந்திருப்பார் என்பதற்குப் பலகை தரும் தடயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கேஸ்லிங் செய்யும்போது எட்டு நகர்வு முன்னால் பார்த்தவருக்குக்கூடக் கடைசியில் தெரிவது சமநிலைதான். சிப்பாய் போகிறது, திரும்பி வருகிறது, செக் கொடுத்து பிஷப்பும் காப்பாற்றப்படுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அங்கே கணக்கை மூடிவிடத் தோன்றும். டாராஷ் அதற்கு மேலும் மூன்று நகர்வு பார்த்திருந்தார்.

பதினாறாவது நகர்வு: வெள்ளை பிஷப் ஜி5. டி8 யானையின் மேல் தாக்குதல். யானை எங்கே போனாலும் பிஷப் அடுத்து இ7க்கு ஏறும். அங்கிருந்து ஒரு பக்கம் எஃப்8 யானையையும் மறுபக்கம் சி5 குதிரையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். மார்கோ யானையை டி5க்கு நகர்த்திக் குதிரைக்குக் காவல் வைத்தார். டாராஷ் பிஷப்பை இ7இல் வைத்தார். மார்கோ எஃப்8 யானையை இ8க்கு நகர்த்தி பிஷப்பையே எதிர்த் தாக்கினார். இப்போது வெள்ளை ஆசைப்பட்டு பிஷப்பால் சி5 குதிரையை எடுத்தால், கறுப்பு இ1இல் யானையை மாற்றிவிட்டு டி5 யானையால் பிஷப்பைத் திரும்ப எடுத்துவிடும். அத்தனை உழைப்பும் வீண். பதினெட்டாவது நகர்வாக டாராஷ் ஆடியது சி4. சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறி டி5 யானையை மிரட்டுகிறது. யானை நகர்ந்தால் குதிரைக்குக் காவல் இல்லை. நகராவிட்டால் யானையே போகும். மார்கோ தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கறுப்பு பத்தாவது நகர்வில் வேறு யானையால், அதாவது கேஸ்லிங்கால் எஃப்8க்கு வந்த யானையால், டி8இல் எடுத்திருந்தால்? டாராஷின் அலசலின் அழகு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. அப்போது இ7க்கு வரும் பிஷப்புக்கு எஃப்8இல் பிடிக்க யானை இருக்காது; கறுப்பு சாவகாசமாக பி6க்குச் சிப்பாயை நகர்த்திக் குதிரையைக் காத்துக்கொள்ளும். ஆகவே பதினைந்தாவது நகர்வில் சி5 பிஷப்பை எடுக்கும் வழி பலன் தராது. அதற்குப் பதிலாக வெள்ளை ராஜாவே எஃப்1க்கு விலக வேண்டும். இ4 குதிரையும் சி5 பிஷப்பும் இப்போதும் தாக்குதலில் இருக்கின்றன. இரண்டில் ஒன்று போயே தீரும். யானை எஃப்8க்குத் திரும்பி வந்து எஃப்-வரிசையில் செக்குக்குக் காத்திருந்தால் ராஜா இ2க்கு ஒதுங்கிக்கொள்கிறது. மார்கோ ஆடிய உண்மை ஆட்டத்தில் இதே ராஜா நகர்வைச் செய்திருந்தால் தவறாகியிருக்கும். அங்கே எஃப்8இல் யானை தயாராக நிற்கிறது. எஃப்5 சிப்பாய் இ4இல் எடுத்த கணமே ராஜாவுக்கு செக் விழுந்து டி3 குதிரையும் மாட்டியிருக்கும். ஒரு யானைக்குப் பதில் இன்னொரு யானை என்ற சிறு வித்தியாசத்துக்கு வெள்ளை முற்றிலும் வேறு விடை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நகர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார். காரணம் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள்.

தூண்டில் வகைப் பொறியை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை பிஷப்பை சி4இல் வைத்ததும் கறுப்பு மூன்றாவது நகர்விலேயே குதிரையை டி4க்கு அனுப்பி, இ5 சிப்பாயை இனாமாக நீட்டுகிறது. வெள்ளைக் குதிரை அதை எடுத்தால் கறுப்பு ராணி ஜி5க்கு வரும். வெள்ளை இன்னும் ஆசைப்பட்டு எஃப்7ஐயும் எடுத்தால் ஏழாவது நகர்வில் எஃப்3இல் குதிரை செக்மேட் கொடுத்துவிடும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் வெள்ளை எதற்கும் ஆசைப்படாமல் டி4 குதிரையை எடுத்துவிட்டாலோ கேஸ்லிங் செய்துவிட்டாலோ கறுப்பு வீணாகக் காலத்தை இழந்து நிற்கும். எதிராளி விவரம் தெரியாதவர் என்பதை நம்பிப் போடும் பந்தயம் அது. டாராஷின் யானை நகர்வில் பந்தயமே இல்லை. எதிராளி விழவில்லை என்றாலும் இ1இல் யானை நல்ல இடத்தில்தான் நிற்கிறது.

இந்த வகைப் பொறி டாராஷுக்குக் கைவந்த கலை. ரூய் லோபஸின் திறந்த கிளையில் அவர் பெயரால் இன்னொரு பொறியும் உண்டு. அதில் கறுப்புக் குதிரை இ4இலும் சிப்பாய் டி5இலும் பிஷப் இ6இலும் நிற்கும். வெள்ளை பத்தாவது நகர்வில் யானையை இ1க்குக் கொண்டுவந்து, பதினொன்றாவதில் குதிரையை டி4இல் வைக்கும். கறுப்பு ராணியை டி7க்கு நகர்த்தினால், பார்வைக்குக் குறையில்லாத நகர்வு, வெள்ளைக் குதிரை இ6 பிஷப்பை எடுக்கிறது. ராணியால் திரும்ப எடுத்தால் டி5 சிப்பாய் பி3 பிஷப்புக்கும் ராணிக்கும் நடுவே மூலைவிட்டத்தில் கட்டுண்டு நிற்கும். சிப்பாயால் எடுத்தால் அதே டி5 சிப்பாய் வெள்ளை ராணிக்கும் கறுப்பு ராணிக்கும் நடுவே டி-வரிசையில் கட்டுண்டு நிற்கும். எப்படி எடுத்தாலும் இ4 குதிரையைக் காத்துவந்த சிப்பாய் அசைய முடியாது. யானை குதிரையை எடுத்துவிடும். 1887இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் சுக்கர்டார்ட்டும் 1890இல் மான்செஸ்டரில் குன்ஸ்பெர்க்கும் டாராஷிடம் இதில் விழுந்தார்கள். இருவருமே உலகப் பட்டத்துக்காக ஸ்டைனிட்ஸோடு மோதிய தரத்தில் உள்ளவர்கள். இங்கேயும் காவல் இருப்பதாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தால் இல்லை.

   

கதையின் மிக முக்கியமான பகுதி 1908இல் வருகிறது. 1894இல் ஸ்டைனிட்ஸை வென்று உலகச் சாம்பியனாகியிருந்த எமானுவேல் லாஸ்கரும் டாராஷும் அந்த ஆண்டு பட்டத்துக்காக மோதினார்கள். இருவருக்கும் இடையே பழைய கசப்பு உண்டு. இளைஞராக இருந்த லாஸ்கர் ஒருமுறை மோத அழைத்தபோது, முதலில் பெரிய போட்டி ஒன்றை வென்று வா என்று டாராஷ் சொல்லியனுப்பியிருந்தார். நான்காவது ஆட்டத்தில் டாராஷுக்கு வெள்ளை. ரூய் லோபஸ். லாஸ்கர் மூன்றாவது நகர்வில் குதிரையை எஃப்6இல் வைத்து பெர்லின் தற்காப்பாகத் தொடங்கி, அடுத்து டி6 ஆடினார். நகர்வுகளின் வரிசைதான் வேறு. ஏழாவது நகர்வில் டாராஷ் யானையை இ1இல் வைத்தபோது பலகையில் இருந்தது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் டிரெஸ்டனில் இருந்த அதே நிலை. ஒரு காய்கூட இடம் மாறவில்லை.

லாஸ்கர் கேஸ்லிங் செய்யவில்லை. இ5 சிப்பாயால் டி4இல் எடுத்தார்.

இந்த நகர்வின் விலை என்ன என்பது டாராஷுக்கு நன்றாகத் தெரியும். அவரே அதைக் குற்றமாக எழுதிவந்தவர். மையத்தில் இருந்த பிடியைக் கறுப்பு விட்டுக்கொடுக்கிறது. வெள்ளைக்கு இடம் அதிகம். கறுப்பு ஒடுங்கி நிற்க வேண்டும். ஸ்டைனிட்ஸ் தற்காப்பை ஆடுபவர் எதைக் காப்பாற்றுவதற்காக அதை ஆடுகிறாரோ அதையே கைவிட வைக்கிறது அந்த யானை நகர்வு. டாராஷின் கண்ணோட்டத்தில் இதுவே அவருடைய வெற்றி: விழுந்தால் உடனே சாவு, விழாவிட்டால் நெருக்கடி. லாஸ்கர் நெருக்கடியை மனதார ஏற்றுக்கொண்டார். குதிரைகளையும் பிஷப்புகளையும் மாற்றி இடத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பத்தாவது நகர்வில்தான் கேஸ்லிங் செய்தார். அப்போது அது பிழையில்லாத நகர்வு, ஏனென்றால் காக்க வேண்டிய இ5 சிப்பாய் அங்கே இல்லை.

பின்பு நடந்ததை சதுரங்கம் ஆடுபவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். பதினைந்தாவது நகர்வில் லாஸ்கர் யானையைப் பலகையின் நடுவே இ5க்குக் கொண்டுபோனார். அடுத்த நகர்வில் சி5க்கு. மற்ற காய்கள் நிறைந்திருக்கும்போது யானையை நட்ட நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது எந்தப் பாடநூலிலும் இல்லாத காரியம். வெள்ளை அந்த யானையைச் சுற்றிவளைக்கப் பார்த்தது. யானை சி4க்கு ஏறியது. இருபத்தேழாவது நகர்வில் எஃப்4இல் பாய்ந்து தன்னைப் பலி கொடுத்து வெள்ளை ராஜாவின் அரணை உடைத்தது. லாஸ்கர் வென்றார். போட்டியையும் எட்டு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து டிரா என்ற கணக்கில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் டிரெஸ்டன் பொறியைப் படிப்பது பாதிப் படிப்புதான் என்று நினைக்கிறேன். முதல் ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர் டாராஷின் நகர்வு எதிராளியை வீழ்த்தும் என்று படிப்பார். இரண்டையும் பார்ப்பவருக்கு அந்த நகர்வு உண்மையில் என்ன கேட்டது என்பது தெரியும்: மையத்தைக் கொடு, அல்லது சிப்பாயைக் கொடு. மார்கோ இரண்டையும் கொடுக்க மறுத்தார். லாஸ்கர் முதலாவதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததால் திறந்த வரிசைகளில் தன் யானைகளுக்கு வேலை தேடினார். டாராஷின் கணக்கு 1908இலும் சரியாகவே இருந்தது. இ5ஐ இழக்க வைத்தார், இடம் பிடித்தார். ஆனால் நெருக்கடியான நிலையில் தோல்வியின் விதை இருக்கிறது என்ற அவருடைய கொள்கையை லாஸ்கர் அதே கட்டங்களின் மேல் பொய்யாக்கினார்.

மார்கோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1902இல் மான்டே கார்லோவில் போப்பியேலுக்கு எதிராக அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட ஆட்டம் டிரெஸ்டனைவிடவும் புகழ்பெற்றது. டி4இல் கட்டுண்டு நின்ற தன் பிஷப் போய்விட்டது என்று எண்ணி ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த பிஷப்பை ஜி1க்கு நகர்த்தியிருந்தால், ஹெச்2இல் செக்மேட் மிரட்டலோடு வெள்ளை ராணியின் மேல் யானையின் தாக்குதலும் திறந்து, அவரே வென்றிருப்பார். ஒருமுறை இல்லாத பாதுகாப்பை இருப்பதாக எண்ணினார். மறுமுறை இருந்த தாக்குதலை இல்லை என்று எண்ணினார். இரண்டு சிறு ஆட்டங்களை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். பிறருடைய ஆட்டங்களை அவர் அளவுக்குப் பொறுமையாகப் படித்து எழுதியவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலர்.

பெர்லின் தற்காப்பு நம்மூருக்கும் அந்நியமில்லை. 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் நான்காவது, ஆறாவது ஆட்டங்களில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் ஆடியது அதைத்தான். லாஸ்கர் 1908இல் புகுந்த அதே வாசல். உள்ளே போனபின் பாதைகள் வேறு. ஸ்டைனிட்ஸ் தற்காப்பின் பழைய வடிவத்தை இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் அதிகம் ஆடுவதில்லை. ஆனால் டி6 ஆடிவிட்டு, குதிரைகளையும் பிஷப்பையும் வெளியே எடுத்து, கேஸ்லிங் செய்வது புதிதாகக் கற்கும் எவருக்கும் தானாக வரும் வரிசை. ஆகவே இந்தப் பொறிக்கு வயதாகவில்லை.

பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொறிகளைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். டிரெஸ்டன் ஆட்டத்தின் ஏழாவது நகர்வு வரை பலகையில் வைத்து, யானை இ1க்கு வந்ததும் நிறுத்துங்கள். கேஸ்லிங் சரியா தவறா என்று கேட்க வேண்டாம். சி6இல் காய்கள் மாறினால் இ4ஐ எத்தனை காய் தாக்கும், எத்தனை காய் காக்கும் என்று மட்டும் கேளுங்கள். யானையை எஃப்1க்குத் திரும்ப எடுத்து வைத்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். அதன் பிறகு லாஸ்கரின் ஆட்டத்தைக் காட்டுங்கள்.